மரம் நட்டுக் கெடுத்த மலை

காடு அழிந்த கதை என்றால் வழக்கமாக ஒரு கோடரி வரும், ஒரு லாரி வரும், நள்ளிரவில் சந்தனக்கட்டை கடத்தும் மீசைக்காரர் ஒருவர் வருவார். நீலகிரிக் கதையில் இவர்களுக்கெல்லாம் சில்லறை வேஷம்தான். அங்கே வில்லன் கையில் இருந்தது நாற்று. குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, வேலி போட்டு, பிள்ளையைப் போல வளர்த்துத்தான் அவர் மலையைக் கெடுத்தார்.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறினார். கீழே மண்டையைப் பிளக்கும் வெயில், மேலே பல் கிட்டிக்கும் குளிர். ஆசாமிக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்று சொல்வார்கள். இன்று ஊட்டியில் சென்ட் விலை கேட்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவது நல்லது. கல் பங்களா எழும்பியது, ஏரி வந்தது, உருளைக்கிழங்கும் கோஸும் விளைந்தன. ஆக, நீலகிரி கண்டுபிடிக்கப்பட்டது. தோடரும் கோத்தரும் படுகரும் குறும்பரும் இருளரும் அங்கேயே பிறந்து வளர்ந்து செத்துக்கொண்டிருந்தது கண்டுபிடிப்புக் கணக்கில் வராது.

வந்தவர்கள் பார்த்த மலை எப்படி இருந்தது? பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலை, மேடுகளிலும் சரிவுகளிலும் புல். சோலைக்குள் பத்தடி வைத்தால் பகல் மங்கிவிடும். மரங்கள் உயரமில்லை, காற்றுக்குப் பயந்து கூனிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசி போர்த்திக்கொண்டு நிற்கும். வளர்ச்சி படு நிதானம். சோலையை விட்டு ஓரடி வெளியே வந்தால் கோடு கிழித்தாற்போலப் புல்வெளி தொடங்கிவிடும். மழை இந்தப் புல்லில் இறங்கி, மண்ணில் ஊறி, ஓடையாகக் கசிந்து, கடைசியில் பவானியில் போய்ச் சேரும். சம்பளமில்லாத நீர்வளத் துறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துரைமார்களுக்குச் சோலை புரிந்தது. புல் புரியவில்லை. இவ்வளவு நல்ல மண்ணில் ஏன் மரமே இல்லை? மரம் இருந்திருக்க வேண்டும், யாரோ அழித்திருக்க வேண்டும். யார்? பக்கத்தில் தோடர் எருமை மேய்ந்துகொண்டிருந்தது. வழக்கு முடிந்தது. எருமைக்கு வக்கீல் வைக்கவும் ஆளில்லை. பின்னாளில் விஞ்ஞானிகள் நீலகிரிச் சதுப்பு மண்ணைத் தோண்டிச் சோதித்தபோது, புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இருப்பது தெரிந்தது. தீர்ப்பு வருவதற்குள் எருமை மேய்ந்த இடத்தில் தோப்பு வந்துவிட்டது. நம் நாட்டு வழக்குகளுக்கு இதெல்லாம் சகஜம்.

குளிர் என்றால் கணப்பு வேண்டும், கணப்புக்கு விறகு வேண்டும். ஊட்டி நகரமானது, வெலிங்டனில் பட்டாளம் வந்து இறங்கியது, சோலை மரங்கள் அடுப்புக்குப் போயின. கூனிக் கிடந்த அந்த மரங்கள் நூறு வருஷம் வளர்ந்ததை ஒரு மாரிக்காலம் எரித்துத் தீர்த்தது. அப்போதுதான் யாருக்கோ ஆஸ்திரேலியா ஞாபகம் வந்தது. 1840-களில் யூகலிப்டஸும் சீகை மரமும் கப்பலேறி வந்தன. 1860-களில் விறகுக்கென்றே யூகலிப்டஸ் தோட்டங்கள் போட்டார்கள். நட்டால் சரசரவென்று வானத்தைப் பார்க்கும், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளம்பும், இலையைக் காய்ச்சினால் தைலம். ஊர்க்காரர்கள் கற்பூர மரம் என்று பெயர் வைத்து ஏற்றுக்கொண்டார்கள். ஜலதோஷக்காரர்கள் சார்பில் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இதற்கிடையே 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா நாற்றுகளைக் கிளப்பிக்கொண்டு வந்தார். திருட்டு என்று சொல்லக்கூடாது, சாம்ராஜ்யம் செய்தால் அது தாவரவியல். மலேரியாவுக்குச் சின்கோனாப் பட்டையின் கொய்னா வேண்டுமே! நடுவட்டம் தோட்டத்தில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். திருடின செடிக்குத் தண்டனைக் கைதி காவல். பொருத்தம் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். தேயிலையும் வந்தது, அது பெரிய கதை.

ஊர் ஞாபகம் அதோடு தீரவில்லை. கார்ஸ், ஸ்காட்ச் புரூம் என்று மஞ்சள் பூப்பூக்கும் இரண்டு புதர்களும் வந்தன. முதலாவது முழுக்க முள். வீட்டு நினைவுக்கு முள்ளைக் கட்டிக்கொண்டு வந்தவர்களை என்ன சொல்ல! பிறகு நரி வேட்டை. இங்கிலாந்தில் கனவான்கள் நரி வேட்டையாடுவார்கள், ஆகவே ஊட்டியிலும் ஆட வேண்டும். கோட்டு இருந்தது, கொம்பு இருந்தது, நாய்ப் பட்டாளம் இருந்தது, அந்த ஊர் நரிதான் இல்லை. அதனால் என்ன, குள்ளநரியைத் துரத்தினார்கள். கவர்னர் வென்லாக் பெயரில் இருக்கும் புல்மேட்டில் குதிரைகள் பறந்தன. இந்தக் கூத்தாடிகளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்: புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்கள் இவர்கள்தான். குதிரை மரத்தில் மோதினால் வலிக்குமே! ஊட்டி கிளப்பில் 1882-ல் ஸ்னூக்கர் விதிகளை எழுதி ஒட்டினார்கள். அந்த மேஜையின் பச்சைத் துணியில் மட்டும் கடைசி வரை யாரும் யூகலிப்டஸ் நடவில்லை.

வெள்ளைக்காரன் போனான், நாற்று போகவில்லை. சொல்லப் போனால் உண்மையான சுறுசுறுப்பு அதற்குப் பிறகுதான். ஐந்தாண்டுத் திட்டங்களில் தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், சிறுமுகை ரேயான் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும். எங்கே நடலாம்? மேலே நிறைய ‘காலி இடம்’ இருக்கிறதே! துரை ஏக்கர் கணக்கில் செய்ததை நம் ஆட்கள் மலை மலையாகச் செய்தார்கள். இதில் எந்தக் கட்சிக்கும் வேறுபாடு கிடையாது. மரம் நடுவது புண்ணியம். புல்லுக்காகப் பேசினால் கிறுக்கன். கொடைக்கானல் பக்கமும் இதே கூத்து. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. ஒரு கோடரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

தண்ணீர் சும்மா இருக்குமா? நீலகிரியின் கிளென்மார்கனில் புல்லுக்குப் பதிலாக யூகலிப்டஸ் வைத்து ஓடை நீரை வருஷக்கணக்கில் அளந்து பார்த்தார்கள். முதல் சுற்று மரங்கள் 16 சதவீதத்தைக் குடித்தன. வெட்டினார்கள், கட்டையிலிருந்து கிளம்பிய அடுத்த சுற்று 25 சதவீதத்தைக் குடித்தது. அனுபவம் கூடக் கூடக் குடியும் கூடும் போலிருக்கிறது.

சரி, பிடுங்கிவிடலாமே என்றால், சீகையைப் பற்றி உங்களுக்குத் தெரியவில்லை. ஒன்றை வெட்டினால் வேரிலிருந்து பத்து எழும்பும். விதை மண்ணுக்குள் பல வருஷம் தூங்கும். தீ வைத்தால் செத்துத் தொலையும் என்று நினைப்பீர்கள், சூடு பட்டதும்தான் அது கண்ணையே திறக்கும். இதில் ஒரு வினோதம், பழைய சீகைத் தோப்பின் நிழலில் பல இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைக்கின்றன. சோலைக்கு நிழல் போதும், யார் வீட்டு நிழல் என்று கேட்காது. புல்லுக்கு அந்த வளைந்து கொடுக்கும் புத்தி இல்லை. வெயில் போனால் புல்லும் போகும், அதோடு வரையாட்டின் மேய்ச்சலும், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் இடமும் போகும். இவ்வளவும் தெரிந்த பிறகும் சுற்றுச்சூழல் தினத்தன்று கேமராவும் மண்வெட்டியுமாக மலையேறி வருபவர்களை நான் என்ன செய்வது!

இப்போது அரசுக்கும் உறைத்திருக்கிறது. அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவுமேல் உத்தரவு போட, 2022-ல் தமிழக அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் அழகுக்காக வந்து காட்டையே வளைத்த மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். அதை அகற்றும் உத்தரவும் அந்தக் காகிதத்திலேயே அச்சாகும் என்றால் எனக்குப் பரம திருப்தி.

மிச்சம் உண்ணிச்செடி. 1809-ல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் பூ அழகாக இருக்கிறதே என்று கொண்டுவந்தார்கள். இன்று முதுமலையில் மானுக்குப் புல் முளைக்க இடமில்லாமல் அது படர்ந்து கிடக்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பணியரும் பெட்டக்குறும்பரும் காட்டுநாயக்கரும் அதை ஒரு கை பார்த்தார்கள். தண்டை வெட்டி, வெந்நீரில் கொதிக்க வைத்து, வளைகிற பதத்தில் எடுத்து, இரும்புச் சட்டத்தில் சுற்றிச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் யானைகள் செய்தார்கள். அசப்பில் நிஜ யானை. 2021-ல் அந்த யானைக் கூட்டம் கப்பலேறி லண்டன் பூங்காக்களில் போய் நின்றது. அங்கே ஜனங்கள் குழந்தை குட்டியோடு வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கொதிக்க வைத்த குச்சி என்பதால் துளிர்க்காது. நம் ஆட்கள் அந்த அளவுக்குப் பெருந்தன்மைக்காரர்கள்.