ஒரு நூல் வித்தியாசம்

பழைய காரைப் புதுப்பிக்கும் நம்மவரிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்காதீர்கள். அது எப்போதோ முடிந்த கதை. போர் போட்டாயிற்று, பிஸ்டன் மாற்றியாயிற்று, சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புகிறது. டிங்கரிங் முடிந்து, பட்டி தேய்த்து, பெயின்ட் அடித்து அதுவும் காய்ந்துவிட்டது. ஆனாலும் வண்டி போர்ட்டிகோவை விட்டு வெளியே வந்தபாடில்லை. ஏன் என்று கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்: “பீடிங் வேலை போய்க்கிட்டிருக்கு.”

பீடிங் என்பது முன் மட்கார்டில் தொடங்கி இரண்டு கதவுகளையும் தாண்டிப் பின் மட்கார்டு வரை ஓடும் அந்த வெள்ளிக் கோடு. சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. அதனால் வேகம் கூடாது, பெட்ரோல் மிச்சமாகாது. ஒரு பக்கம் அது இல்லாவிட்டாலும் சாலையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம்மவர் பார்ப்பார். எதிரே வரும் பழைய வண்டியில் மற்றவர்கள் காரைப் பார்ப்பார்கள், இவர் கோட்டைப் பார்ப்பார். “நல்ல வண்டி. ஆனா பின் கதவுல பீடிங் ஒரு நூல் ஏறியிருக்கு” என்பார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எழுபது அடி தூரத்தில் ஓடும் வண்டியில் இதைக் கண்டுபிடிப்பவருக்கு, மகளின் கல்யாணப் பத்திரிகையைப் படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படுகிறது.

வண்டி எது என்பது முக்கியமில்லை. 1970-களில் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட் 1100 ஆக இருக்கலாம், 2014 வரை தயாரான அம்பாசிடராக இருக்கலாம், சென்னையிலேயே பிறந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகவும் இருக்கலாம். நோய் ஒன்றுதான், அதன் பெயர் ‘ஒரிஜினல்’. 2021-இல் மத்திய அரசு 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்து, எண்ணின் நடுவே ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம் என்றது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். ‘அசல் வடிவம்’ என்ற அந்த இரண்டு சொற்களை அரசாங்கம் போகிற போக்கில் எழுதியிருக்கக் கூடும். நம்மவர் அப்படிப் படிக்கவில்லை.

படையெடுப்பு சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் தொடங்கும். சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கும். கடைக்காரர் உள்ளேயிருந்து துணி சுற்றிய பட்டை ஒன்றை எடுத்துவந்து, “ஒரிஜினல் சார், இது ஒண்ணுதான் மிச்சம்” என்பார். நம்மவர் காந்தத்தை வைப்பார். ஒட்டினால் இரும்புக்கு முலாம் பூசியது, ஒட்டாவிட்டால் எவர்சில்வர் அல்லது அலுமினியம் என்பது அவர் கணக்கு. காந்தம் ஒட்டும். “எவர்சில்வர்லயும் காந்தம் ஒட்டுற ரகம் இருக்கு சார்” என்பார் கடைக்காரர். உண்மைதான், இருக்கிறது. ஆனால் அந்த உண்மையைச் சொன்னவர் விற்கிறவர் என்பதால் நம்மவரால் அதை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கடைசியில் வாங்கிவிடுவார். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால் அது வலது பக்கத்துப் பட்டை. அவருக்கு வேண்டியது இடது.

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு போனார். எல்லோரும் கார்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவர் ஒவ்வொரு காரின் பக்கவாட்டிலும் குத்துக்காலிட்டு, கதவும் மட்கார்டும் சேரும் இடத்தை மட்டும் எடுத்தார். அந்தப் பயணத்தின் ஒரு படத்திலும் முழுக் கார் கிடையாது, மனைவியும் கிடையாது.

அந்த அம்மாளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நாலடி நீளப் பட்டைகளை வளையாமல் படுக்கவைக்க வீட்டில் ஒரே ஓர் இடம்தான் உண்டு, அது விருந்தாளிக் கட்டில். பழைய வேட்டியில் சுற்றப்பட்டு அவை அங்கே துயில்கின்றன, ஊரிலிருந்து வரும் மைத்துனர் ஹாலில் பாய் விரிக்கிறார். பட்டையில் விழுந்த ஒடுக்கைப் பின்பக்கம் மரத்துண்டு வைத்துத் தட்டி எடுத்து, 240-ஆம் நம்பர் எமரித் தாளில் ஆரம்பித்து 2000 வரை தேய்த்து, பிறகு பஃபிங் சக்கரத்தில் கொடுக்க வேண்டும். அலுமினியம் என்றால் மேலே இருக்கும் காப்புப் படலத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தால்தான் பாலிஷ் ஏறும். “ஏங்க, இந்த மெனக்கெடல்ல பாதியாவது அந்தக் குழாய்க்குக் காட்டக் கூடாதா?” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அது ஒரிஜினல் இல்லை.

எல்லாம் பளபளவென்று தயாரான பிறகுதான் விஷயம் வெடித்தது. பீடிங் தன்னால் நிற்காது. தகட்டில் வரிசையாகச் சிறு ஓட்டைகள் இருக்கும், அவற்றில் கிளிப் மாட்டி, கிளிப்பின் மேல் பட்டையை அழுத்த வேண்டும். நம்மவர் கிளிப்பும் கையுமாக வண்டியருகே போனார். கண்ணாடி போன்ற பெயின்ட். ஓட்டை ஒன்றுகூட இல்லை. டிங்கரிங் பார்த்த பாயைக் கூப்பிட்டார்.

“பாய், கதவுல இருந்த ஓட்டையெல்லாம் எங்கே?”

“துரு ஓட்டைதானே சார்? எல்லாத்தையும் அடைச்சுட்டேன். ஒண்ணு விடல.”

பாயின் முகத்தில் இருந்த தொழில் பெருமிதத்தைப் பார்த்து நம்மவரால் கோபப்படவும் முடியவில்லை. பழைய வண்டி புதுப்பிக்கிற ஊர்களில் எல்லாம் நடக்கிற கதைதான் இது. பிரிக்கும்முன் ஓட்டைகளின் இடைவெளியை ஒரு காகிதத்தில் பதிந்து வைத்துக்கொள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான். நம்மவரும் பதிந்து வைத்திருந்தார். அந்தக் காகிதத்தின் பின்புறத்தில் யாரோ பால் கணக்கு எழுதி, மாதம் முடிந்ததும் கிழித்துவிட்டார்கள்.

புது பெயின்டில் ஓட்டை போட நல்ல நாள் பார்க்கப்பட்டது. மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு இழுத்து, பென்சிலில் புள்ளி வைத்து, சென்டர் பஞ்சால் மெல்லத் தட்டினார். டிரில் பிட் உள்ளே அதிகம் போய்விடாமல் அதன் கழுத்தில் டேப் சுற்றினார். முதல் ஓட்டையின்போது, காதுகுத்தில் மடியில் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாமன் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். டிரில்லைப் பிடித்திருந்தவரே அவர்தான் என்பதால் இது கொஞ்சம் ஆபத்தாகப் போயிருக்கும்.

இந்த இடத்தில் அவரிடம் நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் ஓட்டையில் கிளிப்பைச் செருகினால் அந்த விளிம்பிலிருந்துதான் துரு பிறக்கும். வேற்று உலோகங்கள் இரண்டு ஈரத்தில் உரசிக்கொண்டு கிடந்தால் இரண்டில் ஒன்று சீக்கிரம் போய்விடும். அதனால் ஓட்டையின் விளிம்புக்குப் பிரைமர், கிளிப்புக்குப் பின்னால் தண்ணீர் நுழையாமல் கறுப்புப் பசை. பழைய கதவுகளில் பலவற்றை உள்ளிருந்து அரித்தது இந்த ஓட்டைகள் வழியாக இறங்கிய மழைதான். இதை அவர் சொல்லும்போது கேட்கலாம். முக்கால் மணி நேரம் சொல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாகக் கேட்கலாம்.

பட்டையின் மேல் உதட்டைக் கிளிப்பில் கோத்துக் கீழ் உதட்டை உள்ளங்கையால் அழுத்த இரண்டு ஆள் வேண்டும். ஆகவே அந்த மாதம் அவர் வீட்டுக்குப் போனவர்களுக்கெல்லாம் காபி கிடைத்தது, காபிக்கு முன் ஒரு முனையும் கிடைத்தது. கேஸ் சிலிண்டர் போட வந்த பையன்கூடப் பிடித்தான். கதவின் ஓரத்தில் பட்டை நழுவாமல் இருக்க உள்ளிருந்து ஒரு போல்ட் நட்டு முடுக்க வேண்டும். அதிகம் முடுக்கினால் வெளியே பட்டையில் குழி விழும் என்பதை ஒரு பட்டையைப் பலி கொடுத்துத் தெரிந்துகொண்டார். போல்ட் நீளமாக இருந்தால் என்ன ஆகும் என்பது ஜன்னல் கண்ணாடியை இறக்கியபோது தெரிந்தது. பாதியில் ‘டக்’ என்றது. அந்தக் கதவின் உள் அட்டையை அன்றுதான் மாட்டி முடித்திருந்தார்.

கடைசியில் ரசமட்டம் வந்தது. பட்டையின் மேல் வைத்தால் குமிழ் ஓடுகிறது. வண்டி சாய்ந்திருக்கிறதா, பட்டை சாய்ந்திருக்கிறதா என்று ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம். மழைத்தண்ணீர் ஓட போர்ட்டிகோ தரையையே வாட்டமாகப் போட்டிருக்கிறது என்று நினைவூட்டியவர் மைத்துனர்தான். அதன் பிறகு அந்த வீட்டில் அவருக்குக் கட்டில் கிடைத்தது.

இப்போது நாலு துண்டும் ஒரே கோடு. பார்க்க ஊரே வந்தது. வண்டியின் முதல் சொந்தக்காரரிடம் டிரைவராக இருந்த பெரியவரையும் தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். அவர் சுற்றி வந்தார், தடவிப் பார்த்தார், தலையாட்டினார்.

“ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஆனா அப்போ இப்படி இல்ல. அதெல்லாம் கையால ஓட்டை போட்டு மாட்டுனதுதானே? புது வண்டியா வீட்டுக்கு வந்த அன்னிக்கே பின் கதவுப் பீடிங் கொஞ்சம் இறங்கித்தான் இருந்துச்சு. முதலாளிகூடச் சிரிச்சாரு.”

கூட்டம் நம்மவரின் முகத்தைப் பார்த்தது. மனிதர் உடைந்துபோவார் என்று நினைத்து மைத்துனர் தண்ணீர்ச் சொம்போடு வந்தார். அவரோ மேல் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம்னா எவ்வளவுண்ணே? ஒரு நூலா, ஒண்ணரை நூலா? ரெண்டு பக்கமுமா, இல்ல இடது பக்கம் மட்டுமா?”

பெரியவர் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தபோதே நம்மவர் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்: “அந்த டிரில்லைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க!”