ஃபார்மட் அடிச்சிடலாம் சார்

பென்ஷன் வாங்குகிறவனுக்கு எதிரிகள் குறைவு. எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று, மெயில் பார்க்கிற அந்த நிரல். திறந்தால் பாதித் திரை வரும், கீழே ஒரு கோடு முக்கால்வாசி ஓடும், அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மேசையைக் கண்டதும் செருப்பைத் தேடுகிற ஆள் மாதிரி. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். பதினைந்து வருஷம் காசு வாங்காமல் உழைத்திருக்கிறது.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன். மீஞ்சூரில் எங்கள் மொட்டைமாடியில் ஏறினால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். இவ்வளவு மின்சாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யூபிஎஸ் வாங்குவதா என்ற ரோஷத்தில் வாங்காமலே இருந்துவிட்டேன். மெயில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணைக் கோப்பு கெட்டுப்போகும். ரோஷத்துக்கான விலை அது.

ஸ்டேஷன் ரோட்டிலிருந்து கம்ப்யூட்டர் தம்பி வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"ஃபார்மட் அடிச்சிடலாம் சார்."

"தம்பி, இது ஜலதோஷம்."

"அதான் சார். ஃபார்மட் அடிச்சா ஃப்ரெஷ் ஆயிடும்."

முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். கணக்கு வராத பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிடலாம் என்று சொல்கிற சக ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், அதே குரல். மறுத்தேன். அவரும் விடவில்லை, பெட்டியைக் கழற்றி பிரஷ்ஷால் தட்டி, "உப்புக் காத்து, போர்டு அரிச்சிருக்கும்" என்று இன்னொரு தீர்ப்பு சொன்னார். உப்பின் மேல் பழி போட்டால் எங்கள் ஊரில் யாரும் அப்பீல் போக முடியாது. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடலை உள்ளே வரவழைத்த ஊர் இது. பிறகு அந்தக் கடல்நீரையே குடிநீராக்க, எங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டி, காட்டுப்பள்ளியில் ஆலை வைத்தார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2010 முதல். ஆகவே தம்பிக்கு இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் என் பழைய மாணவன் வந்தான். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரெண்டு ஸ்டேஷன் மின்சார ரயில். இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான், இருந்தாலும் என் வீட்டுக்குள் வரும்போது சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பான். ஒரு கையில் பிளாஸ்டிக் கவர். மறு கையில் ஒயர் கூடை, அதற்குள் கால் கட்டிய நண்டுகள் சரசரத்துக்கொண்டிருந்தன.

"ஒரு மெயில் போடணும் சார். தடைக்கால நிவாரணத்துல எம் பேரு உட்டுப்போச்சு. பாஸ்புக், ஆதாரு எல்லாம் மெயில்ல அனுப்பச் சொல்றாங்கோ."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று கடலுக்குக் கொடுக்கிற விடுமுறை. விடுமுறைச் சம்பளம் வாங்க இவன் என் கம்ப்யூட்டரை நம்பி வந்திருக்கிறான். திறந்தேன். மூடிக்கொண்டது. திறந்தேன். மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை அவன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"தெலுங்குல ஏதாச்சும் மெயில் வந்துச்சா சார்? ஒரு எழுத்து வந்து ஐபோன்லாம் படுத்துச்சே."

சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவன் சொன்னது நிஜம். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் 'ஜ்ஞா' என்ற கூட்டெழுத்து செய்தியில் வந்தாலே ஐபோனில் அந்தச் செயலி விழுந்துவிடும். மெயில் செயலிகளும் தப்பவில்லை. ஐஓஎஸ் 11.2.6 வந்த பிறகுதான் நின்றது. (தமிழில் எழுதியிருப்பதால் ஒன்றும் ஆகாது, பயப்படாமல் படியுங்கள்.) பழவேற்காடு ஏரியில் பெரும்பகுதி ஆந்திரப் பக்கம். இவன் வாட்ஸப்பில் பாதி தெலுங்கு. அவனுக்கு அது உலகச் செய்தி இல்லை, உள்ளூர்ச் செய்தி.

எனக்குத் தெலுங்கில் யாரும் எழுதுவதில்லை என்றேன். யோசித்தான்.

"போன்லயும் இதே மெயில்தானா? ஒரே எடத்துல ரெண்டு வலை போட்டா தகராறுதான் சார். அதுக்குத்தான் எங்க பக்கம் பாடு வச்சிருக்கோம்."

ஏரியில் இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் சுத்துவலை கட்டலாம் என்று முறை போட்டுக்கொள்வதுதான் பாடு. அதுவும் நல்ல யோசனைதான். சில பழைய ஏற்பாடுகளில், ஒரு கருவி பெட்டியைத் திறந்திருக்கும்போது மற்றதை உள்ளே விடமாட்டார்கள். போனை அணைத்துப் பார்த்தேன். கோடு முக்கால்வாசி ஓடி, வழக்கம்போல.

சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன். "ரீஸ்டார்ட் பண்ணீங்களாப்பா?" என்ற சடங்கு முடிந்ததும், ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டருக்குள் என்னை நடத்திக்கொண்டு போனாள். அங்கே 'இன்பாக்ஸ்' என்று ஒரு கோப்பு. அளவு 3.9 ஜிபி.

"அப்பா! எத்தனை மெயில் இருக்கு?"

"முந்நூற்றுப் பன்னிரண்டு. நான் தினம் அழிக்கிறவன்."

உண்மை. காலை வணக்கப் படங்கள், லாட்டரியில் கோடி விழுந்த சேதிகள், நாற்பது பேருக்குப் போகும் ரோஜாப்பூ எல்லாவற்றையும் காபியோடு அழிப்பது என் நித்திய கர்மம். அன்றுதான் தெரிந்தது, நான் எதையுமே அழிக்கவில்லை என்று. இந்த மாதிரி நிரல்கள் எல்லாக் கடிதத்தையும் ஒரே நீளக் கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டு போகும். அழி என்றால் 'இது இல்லை' என்று ஓர் அடையாளம் போடும், அவ்வளவுதான். கடிதம் அங்கேயே கிடக்கும். இன்னும் அழகு என்னவென்றால், குப்பைக்கு அனுப்பினால் ஒரு நகல் எடுத்துத்தான் குப்பையில் போடும். ஒரு ரோஜாப்பூவை வெறுத்ததற்கு ரெண்டு ரோஜாப்பூ. பழைய நிரல்கள் கோப்பின் நீளத்தை 32 பிட்டில் எண்ணுகிறவை. 429 கோடி பைட்டுக்கு மேல், அதாவது 4 ஜிபிக்கு மேல், அவற்றுக்கு எண் தெரியாது. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்பீக்கரில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன், கூடையைக் காலால் நகர்த்திவிட்டுச் சொன்னான்:

"மொகத்துவாரம் அடைச்சிக்கிச்சுன்னு சொல்லுங்க. மணலு வந்து மூடிக்கினா ஏரிக்குத் தண்ணி போக்குவரத்து நின்னுடும் சார். தூர் வாரணும்."

"அங்கிள் கரெக்டா சொல்றார்ப்பா. 'கம்பேக்ட்' அழுத்துங்க."

அதை அழுத்தவாவது நிரல் திறக்க வேண்டுமே. இணைய வயரைப் பிடுங்கி, கெட்டுப்போன அட்டவணைக் கோப்பை நீக்கி, சேஃப் மோடில் திறந்ததும் மூடாமல் நின்றது. அழுத்தினேன். புதுக் கோப்பு எழுத டிஸ்கில் இடம் போதாது என்றது. மகளின் கல்யாண வீடியோவின் மூன்றாவது நகலை நீக்கினேன். அவளிடம் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நாற்பது நிமிஷம் ஓடியது. அதற்குள் ஒரு நண்டு கட்டை அவிழ்த்துக்கொண்டு சிபியூவுக்குப் பின்னால் போய்விட்டது. அவன் அதைப் பின்பக்கமாக, ஓட்டின் மேல் விரல் வைத்து, சாக்பீஸ் எடுக்கிற மாதிரி எடுத்தான். கம்ப்யூட்டர் தம்பி பார்த்திருந்தால் நண்டையும் ஃபார்மட் அடித்திருப்பார்.

3.9 ஜிபி, 214 எம்பி ஆனது. வயரைச் செருகினேன், நிரல் மூடவில்லை. பாஸ்புக், ஆதார், மனு மூன்றையும் இணைத்து அனுப்பினேன். அவன் எழுந்து நின்று கும்பிட்டான், என்னையா கம்ப்யூட்டரையா தெரியவில்லை.

ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. பெறுநரின் அஞ்சல்பெட்டி நிரம்பியிருப்பதால் கடிதம் சேரவில்லையாம். படித்துச் சொன்னேன்.

அவன் தாள்களை மறுபடி பிளாஸ்டிக் கவருக்குள் நீவி வைத்தான். "நா நேர்லயே போய்க் குடுத்துடறேன் சார். நீங்க அவங்களுக்கு அந்த பட்டன் எங்க இருக்குதுன்னு ஒரு மெயில் போட்டுடுங்க."

அதையும் போட்டுப் பார்த்தேன்.