ஏதென்ஸ் நகரத்துச் சீட்டு நீதிபதிகள்

கேள்வி: நீதி வழங்குகிறவர்களைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தேசம் எங்கேனும் உண்டா?

பதில்: உண்டு. பண்டைய கிரேக்க தேசத்து ஏதென்ஸ் நகரத்தில், 30 வயது நிரம்பிய ஆண் பிரஜைகளிலிருந்து ஆண்டுதோறும் 6,000 பேரைச் சீட்டின் மூலம் பொறுக்கியெடுத்துப் பிரமாணம் செய்வித்துவைத்து, அவர்களில் எவர் எந்த வழக்கை விசாரிப்பது என்பதை, கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், விசாரணை நாளன்று காலையில்தான் நிர்ணயித்தார்கள். ஆகவே, முதல்நாள் இரவே பண முடிப்போடு புறப்படுகிற பிரபுவுக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவதென்றே தெரியாது!

அதற்கென ஒரு கல் யந்திரமே இருந்தது. கற்பலகையில் வரிசை வரிசையாகப் பிளவுகள்; ஒவ்வொரு பிளவிலும் ஒரு பிரஜையின் பெயர் பொறித்த தகடு; பக்கத்துக் குழாயிலிருந்து வெள்ளைக் குண்டு விழுந்தால் அந்த வரிசையினர் நீதிபதிகள், கறுப்புக் குண்டு விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வாக்களிப்பதோ அதனினும் நுட்பம். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வெண்கல வட்டுகள் தருவார்கள். நடுவிலுள்ள அச்சு துளையுள்ளதாயின் வாதிக்கு, துளையற்றதாயின் பிரதிவாதிக்கு. அச்சின் இரு முனைகளையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூடிப் பிடித்துக்கொண்டு போட்டால், அருகில் நிற்பவனுக்கும் இரகசியம் புலப்படாது. எத்தனை அழகான ஏற்பாடு!

பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லாதது பெருங்குறையே. சீட்டு, லஞ்சத்தைத் தடுத்ததேயன்றி ஆத்திரத்தைத் தடுக்கவில்லை, கி.மு. 399-இல் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்ததும் சீட்டினால் அமைந்த சபைதான்.