மாவுக்கு 28, மனுஷனுக்கு 18

2021 ஜனவரி 4, திங்கட்கிழமை இரவு 8 மணிக்குப் பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் வந்து, இங்கிலாந்து மக்கள் எல்லாரும் மறுபடியும் வீட்டோடு இருக்க வேண்டும் என்றார். மூன்றாவது கொரோனாப் பொதுமுடக்கம். பள்ளிக்கூடம் மூடல் என்று கேட்ட மாத்திரத்தில் பிள்ளை பெற்றவர்கள் தலையில் கையை வைத்தார்கள். ஜிம்முக்குப் போகிறவர், முடி வெட்ட நாள் குறித்திருந்தவர் எல்லாரும் அவரவர் பங்குக்குப் புலம்பினார்கள். ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடி வீட்டில் ஒருவர் மட்டும் எழுந்து போய்ப் பால் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. போதும் என்று வந்து உட்கார்ந்தார்.

இவர்தான் லண்டன் ஒண்டிக்கட்டை. வயது முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குக் கீழ். கணினி வேலை. இதில் மூன்று உட்பிரிவுகள் உண்டு: கல்யாணம் ஆகாதவர், ஆகி முடிந்தவர், பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் மாட்டிக்கொண்டவர். வெயில் காலத்தில் மூவருக்கும் வித்தியாசம் தெரியும். குளிர் இறங்கிவிட்டால் தெரியாது. மூவரும் உள்ளே தெர்மல், அதன்மேல் லுங்கி, அதற்கு மேலே ஆபீஸ் சட்டை, சட்டைக்கு மேலே அம்மா 2014இல் கொடுத்தனுப்பிய சால்வை. கேமராவை முடுக்கும் நேரத்தில் சால்வை மட்டும் விலகும்.

அரசாங்கம் இவரைக் கண்டுகொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் ஒரே பெரியவர் இருந்தால் கவுன்சில் வரியில் நூற்றுக்கு 25 தள்ளுபடி. தனிமைக்கென்றே 2018இல் ட்ரேசி கிரவுச் என்பவரை அமைச்சராகப் போட்டார்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்தால் கூடுதல் செலவுக்கு வாரம் 6 பவுண்டு வரை அப்போது வரி கிடையாது. 20 சதவீத வரிக்காரருக்கு அது வாரத்துக்கு 1 பவுண்டு 20 பென்ஸாகக் கைக்கு வந்தது. நம்மவர் இதற்கு மனுப் போடும் முறையை நண்பர்களுக்கெல்லாம் சொல்லித் தந்தார். ஒருவருக்கு விளக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அந்த முக்கால் மணி நேரமும் ஹீட்டர் ஓடியதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கில் சேர்க்காதது அது ஒன்றுதான். மற்றபடி அந்த வீட்டில் உஷ்ணம் என்பது எண்ணிக் கொடுக்கப்படும் பொருள். சமையலறை மேடையில் ஸ்மார்ட் மீட்டரின் சின்னத் திரை நிற்கிறது. சும்மா இருந்தால் பச்சை, கெட்டிலைப் போட்டால் சிவப்பு. மின்சாரம் அப்போதைக்கப்போது தெரிந்துவிடும். கேஸ் கணக்கு அரை மணிக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே நம்மவர் 7 மணிக்கு அனுபவித்த சூட்டுக்கு ஏழரை மணிக்கு வருத்தப்படுவார். வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்கட்டும் என்று பொதுச் சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது. அரசு குறைந்தபட்சம் என்று சொன்னதை நம்மவர் அதிகபட்சம் என்று எடுத்துக்கொண்டார். அதுவும் ஒரே அறைக்கு. படுக்கையறைக்கு ஓடித்தான் போவார். குளியலறைக்குப் போவதென்றால் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும்.

துவைத்த துணியை ரேடியேட்டர் மேல்தான் காயப்போட வேண்டும், வேறு வழியில்லை. அந்த ஈரமெல்லாம் போய் ஜன்னல் கண்ணாடியில் வடியும். துடைக்காவிட்டால் மூலையில் கறுப்பாய்ப் பூஞ்சை பூக்கும். ஆகவே காலை எழுந்ததும் முதல் வேலை ஜன்னலை வழித்துத் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடிப்பது. ஒருநாள் அரை டம்ளர் வந்தது. அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். கோயம்புத்தூர்ச் சித்தப்பா கும்பிடு போட்டார், தீர்த்தம் என்று நினைத்து.

இத்தனை சிக்கனமும் மாவு விஷயத்தில் பறந்துவிடும். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இட்லி அரிசியும் உருட்டு உளுந்தும் பொதுமுடக்கத்திலும் கிடைத்தன, மளிகைக்கடைக்குத் தடையில்லை. ஊறவைத்து அரைப்பது பெரிய காரியமில்லை. பொங்க வைப்பதுதான் பெரும்பாடு. ஊரில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாவு, லண்டன் ஜனவரியில் மறுநாள் சாயங்காலம் திறந்து பார்த்தாலும் போட்டது போட்டபடி கிடக்கும். சளி பிடித்துவிட்டதோ என்றுகூடச் சந்தேகம் வரும்.

"கையால கரைச்சியாடா? கரண்டியில கலக்கினியா?"

"கையாலதாம்மா."

"கை சில்லுனு இருந்திருக்கும். சுடுதண்ணில கைய வெச்சுட்டுக் கரைக்கணும்."

அதையும் செய்தார். வெந்தயம் ஒரு கை கூடப் போட்டார். பாத்திரத்துக்குத் தன்னுடைய ஸ்வெட்டரைப் போர்த்தி, கைகள் இரண்டையும் முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டு, பாய்லர் அலமாரிக்குள் உட்கார வைத்தார். பாய்லர் நின்றால் அலமாரியும் ஆறிவிடும், மாவுக்காக பாய்லரை ஓடவிட வேண்டியிருந்தது. கடைசியில் பலித்தது ஓவன்தான். சூட்டை முடுக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டுக் கதவைச் சாத்தினால் உள்ளே 28 டிகிரி நிற்கிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மாவுக்கு 28, மனுஷனுக்கு 18. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, இருட்டில் ஓவன் கண்ணாடி முன்னால் குந்தி உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் மாவு ஏறுகிறதா என்று பார்ப்பார். பெற்றவர்கள் தொட்டிலை எட்டிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

இட்லித் தட்டு குடும்பத்துக்காகச் செய்யப்பட்ட பொருள். ஒரு ஈட்டுக்கு 16 வரும். ஆகவே வாரம் முழுக்க மாவின் வயதை வைத்தே நாள் தெரியும். இட்லி என்றால் ஞாயிறு. தோசை முறுகலாய் வந்தால் செவ்வாய். ஊத்தப்பம் வியாழன். வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டிப் பணியாரம் ஆகிவிட்டதென்றால் புளிப்பு முற்றிவிட்டது, மறுபடி ஊறவைக்க வேண்டும். பொதுமுடக்கத்தில் இன்று என்ன கிழமை என்றே தெரியவில்லை என்று ஊரெல்லாம் அலுத்துக்கொண்டது. நம்மவருக்கு அந்தக் குழப்பம் வந்ததே இல்லை.

வெளியே போவதற்கும் ஒரு விதி இருந்தது. உடற்பயிற்சிக்காக நாளைக்கு ஒரு தடவை, உள்ளூருக்குள், தனியாகவோ வேறு ஒருவருடனோ. உள்ளூர் என்பது எது வரைக்கும் என்று யாருக்கும் தெளிவில்லை. டெர்பிஷயரில் இரண்டு பெண்கள் ஐந்து மைல் காரில் போய் ஏரிக்கரையில் நடந்ததற்குப் போலீஸ் தலைக்கு 200 பவுண்டு அபராதம் போட்டது. கையிலிருந்த சூடான தேநீரும் பிக்னிக் கணக்கில் சேர்ந்ததாம். பிறகு அபராதத்தை ரத்து செய்தார்கள். அந்த வாரமே பிரதமர், டவுனிங் தெருவிலிருந்து ஏழு மைல் தள்ளி ஒலிம்பிக் பூங்காவில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார் என்று செய்தி வந்தது. நம்மவருக்கு இதில் அரசியல் கோபமெல்லாம் இல்லை. ஒலிம்பிக் பூங்கா தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிரதமரே நம் பேட்டைக்கு வந்துபோயிருக்கிறார், ஜன்னல் வழித்துக்கொண்டிருந்ததில் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தம்தான்.

அந்த மாதத்தில் 8 மணிக்கு விடிந்து 4 மணிக்கு இருட்டிவிடும். கூட்டங்கள் முடியும்போது வெளியே நடுநிசி மாதிரி இருக்கும். அதனால் நடை மத்தியானம்தான். பிளாஷட் பூங்காவை மூன்று சுற்று. எதிரே ஆள் வந்தால் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் ஒதுங்குவார்கள், மறுபடி இருவரும் மறுபக்கம் ஒதுங்குவார்கள், கடைசியில் ஒருவர் சேற்றில் இறங்குவார். சேற்றில் இறங்கியவருக்கு நன்றி சொல்வது மரபு. பல நாட்களில் நம்மவர் நேரில் கேட்ட ஒரே மனிதக் குரல் அந்த நன்றிதான். அதற்காகவே அவர் முந்திக்கொண்டு இறங்கினார் என்று எனக்கொரு சந்தேகம்.

வெயில் படாத உடம்புக்கு வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் என்று என்.எச்.எஸ். சொல்லியிருந்ததால் மாத்திரையும் உண்டு. ஜனவரி 24 ஞாயிற்றுக்கிழமை லண்டனில் பனி பெய்தது. மதியத்துக்குள் 41 படங்கள் ஊருக்குப் போயின. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "துணிய உள்ள எடுத்தியா?"

இந்த ஒழுங்கெல்லாம் ஒரே ஒரு வாரம் குலைந்தது, பிரிஸ்பேன் டெஸ்டின்போது. வாஷிங்டன் சுந்தரும் சின்னப்பம்பட்டி நடராஜனும் ஒன்றாக அறிமுகமான ஆட்டம். ஆஸ்திரேலியாவில் காலை என்றால் லண்டனில் நள்ளிரவு. ஐந்து ராத்திரியும் போர்வைக்குள் லேப்டாப். (லேப்டாப்பும் சூடு தரும், அது கேஸ் கணக்கில் வராது.) ஜனவரி 19ஆம் தேதி இன்னும் விடியவில்லை, ரிஷப் பந்த் கடைசி பவுண்டரியை அடித்தார். 1988க்குப் பிறகு காபாவில் டெஸ்ட் தோற்காத ஆஸ்திரேலியா தோற்றது. நம்மவர் கத்தினார். இரண்டு வாரமாக உரக்கப் பயன்படுத்தாத தொண்டை, அவருக்கே அது யார் குரல் என்று புரியவில்லை.

ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மையார். எண்பதைத் தாண்டியவர். முகக்கவசமும் டிரெஸ்ஸிங் கவுனுமாக நான்கு படி கீழே இறங்கி நின்றுகொண்டு கேட்டார்.

"எல்லாம் சரிதானே, கண்ணு? விழுந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"இல்லைங்க, பிரிஸ்பேன்ல ஜெயிச்சுட்டோம்."

"ரொம்ப சந்தோஷம்." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல ஏதாவது செத்துக் கிடக்குதா? வாரா வாரம் ஒரு வாசனை வருது."

அன்றைக்கே நான்கு இட்லியும் சட்னியும் படிக்கட்டில் வைக்கப்பட்டன. மறுநாள் தட்டு கழுவித் திரும்பி வந்தது, ஒரு துண்டு எலுமிச்சைக் கேக்கோடு. ரொம்ப மெத்தென்று இருந்தது, ஆரஞ்சு மார்மலேட் தடவிச் சாப்பிட்டேன் என்று ஒரு சீட்டு. சட்னியைப் பற்றி அதில் பேச்சில்லை.

தனியாக இருப்பவர் வேறு ஒரே ஒரு வீட்டோடு சேர்ந்து ஒரு குடும்பமாகப் பழகிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. சப்போர்ட் பபிள் என்று பெயர். முந்தின வருஷம் ஜூனில் கொண்டுவந்தது. ஒருவருக்கு ஒரு பபிள்தான், மாற்றிக்கொண்டே இருக்க முடியாது. நம்மவர் இரண்டு நாள் யோசித்தார். முகச்சவரம் செய்துகொண்டார். கீழே போய், ஆறடி தள்ளி நின்று, உங்களுக்கு பபிள் இருக்கிறதா என்று கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் இவ்வளவு பதறியதில்லை.

"அடடா, என் மகள் ஜூன் மாசமே கேட்டுட்டாளே, கண்ணு," என்றார் அம்மையார்.

மேலே வந்தவர் சும்மா இருக்கவில்லை, உளுந்து ஊறவைத்தார். மனது சரியில்லாதபோது அவர் மாவரைப்பார்.

பிப்ரவரியில் குளிர் உச்சத்துக்குப் போனது. ஸ்காட்லாந்தில் பிரேமர் என்ற ஊரில் 11ஆம் தேதி மைனஸ் 23. லண்டனில் அத்தனை இல்லை, ஆனாலும் நம்மவர் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் பாலை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். அதே வாரக் கடைசியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு இரண்டாவது டெஸ்ட். விடிகாலை 4 மணிக்குச் சேனல் 4இல் ஆரம்பம். இந்தத் தடவை பார்வையாளர்களையும் அனுமதித்திருந்தார்கள். அஷ்வின் சொந்த ஊரில் சதம் அடித்தபோது கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. நம்மவர் அஷ்வினைப் பார்க்கவில்லை. ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்களே என்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைக்கைச் சட்டை வேறு.

பிப்ரவரி 22இல் பிரதமர் படிப்படியான தளர்வை அறிவித்தார். மார்ச் 29 முதல் வெளியிடத்தில் ஆறு பேர் கூடலாம், ஏப்ரல் 12இல் முடி வெட்டும் கடை திறக்கலாம். நாடு மூச்சுவிட்டது. நம்மவருக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு காபிக் கோப்பை. யாராவது உள்ளே வந்து, இவ்வளவு குளிராக வைத்திருக்கிறாயே என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைத் திருகிவிட்டால்?

இடையில் மார்ச் 21 சென்சஸ் வந்தது. வீட்டில் எத்தனை பேர், அவர்களுக்குள் என்ன உறவு, அன்று இரவு தங்கும் விருந்தாளிகள் எத்தனை பேர் என்றெல்லாம் படிவம் கேட்டது. உறவுப் பக்கத்தைத் தாண்டிப்போனார். வீட்டைச் சூடாக்குவது எது என்று ஒரு கேள்வி இருந்தது. அதைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, கேஸ் என்று கட்டத்தில் குறித்தார். எத்தனை டிகிரி என்று கேட்காதது ஒரு குறை. அந்தக் கணக்கு பின்னால் வெளிவந்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து வீட்டுக்கு மூன்று ஒரே ஆள் வீடு. அத்தனை வீட்டிலும் ஆளுக்கொரு மாவு இருந்திருக்கும், வேறு பெயரில்.

மார்ச் கடைசியில் நண்பர் போன் செய்தார்.

"மாப்ள, திங்கக்கிழமை வான்ஸ்டட் ஃப்ளாட்ஸ்ல மீட் பண்றோம். வந்துடு."

"இந்த வாரம் திங்கக்கிழமைதான் மாவு கரைக்கணுமே."

"கரைச்சு வெச்சுட்டுச் சாயங்காலம் வாடா. கடிகாரத்த மாத்திட்டாங்க, ஏழு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்."

"யார் யார் வர்றீங்க?"

நண்பர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நம்மவர் விரல் விட்டு எண்ணினார்.

"ஆறு பேரா? அவ்வளவு கூட்டம் எதுக்குடா?"