சுவரைத் தொட 268 மைல்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வடக்கு இங்கிலாந்தில் இப்போது எட்டு மணிக்கு மேல் விடிந்து, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நடுவில் கிடைக்கிற பகலையும் மழையும் ஆலங்கட்டியும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெள்ளைக்காரர்கள் எந்தப் பேச்சையும் வானிலையைத் திட்டித்தான் தொடங்குவார்கள். திட்டிவிட்டு, அவர்களிலேயே சிலர் காசு கட்டிப் பெயர் கொடுத்து, அதே மழைக்குள் ஒரு வாரம் ஓடவும் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்கு ஒருத்தர் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு ஜனவரியிலும் கூட்டமாகவே போகிறார்கள்.

இதற்கு ஸ்பைன் ரேஸ் என்று பெயர். டெர்பிஷயரில் ஈடேல் என்கிற கிராமத்தில் புறப்பட்டு, பென்னைன் மலைத்தொடரில் போகிற பென்னைன் பாதை வழியாகவே வடக்கே போய், ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி கிர்க் யெத்தோம் என்ற சிற்றூரில் முடிகிறது. மொத்தம் 268 மைல், அதாவது 431 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திண்டுக்கல் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவகாசம் 168 மணி நேரம். தூங்கினாலும் சாப்பிட்டாலும் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டாலும் கடிகாரம் நிற்காது. 2012-இல் முதன்முதலாக நடந்தபோது கிளம்பியவர்கள் 11 பேர், முடித்தவர்கள் 3 பேர். அதோடு ஆசை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

ஓட்டம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். முன்னணியில் போகிற சிலரைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் நடக்கிறார்கள். மூர் என்கிற அந்த மரமில்லாத மேட்டுநிலம் அப்படி. காலுக்கடியில் இருப்பது மண் இல்லை. பல ஆயிரம் ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மக்கி, தண்ணீரில் ஊறிக் கிடக்கிற கருஞ்சேறு. மலைநடைக்குக் கையேடுகள் எழுதிப் பெரும்புகழ் பெற்ற வெயின்ரைட்டே பிளாக் ஹில்லில் அந்தச் சேற்றில் மாட்டிக்கொண்டார். அந்தப் பக்கமாக வந்த காவலர் ஒருவர் இழுத்துவிட்டதால் பிழைத்தார். பிற்பாடு, இடித்துப்போட்ட பழைய பஞ்சாலைகளின் தரைக்கற்களைப் பெயர்த்து, ஹெலிகாப்டரில் தூக்கிவந்து பாதையாகப் பாவினார்கள். அந்தக் கற்களில் மழை உறைந்துவிட்டால், சேறே தேவலாம் என்று ஆகிவிடும்.

புறப்படுவதற்கு முன் மூட்டையைப் பிரித்துச் சோதனை போடுகிறார்கள். தூக்கப்பை, அடுப்பு, வரைபடம், திசைகாட்டி, விசில், தலைவிளக்கு என்று எது இல்லாவிட்டாலும் வாசலைத் தாண்ட முடியாது. கூடவே இருக்குமிடம் காட்டும் கருவி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் திரையில் நகரும் புள்ளியைப் பார்த்தபடியே ஒரு வாரத்தைக் கழிக்கிறார்கள். புள்ளி அரை மணி நேரம் நகராவிட்டால் வீட்டுக்காரம்மாவுக்கு அடிவயிற்றைக் கலக்கும். அந்த மனிதர் ஏதாவது கிராமத்துக் கடையில் உட்கார்ந்து சூடாக ‘பை’ என்கிற பலகாரம் தின்றுகொண்டிருப்பார்.

வழியில் சில இடங்களில்தான் பெரிய தங்கல். அங்கே பார்க்க வேண்டியது கால்களை. காலுறையை உரித்தால் பாதம் வெளுத்து, ஊதி, மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும், விரலிடுக்கில் கொப்புளம். மருத்துவர் முகம் சுளிக்காமல் ஊசியால் குத்தி நீரை வடித்து டேப் ஒட்டுகிறார். பக்கத்து மேசையில் ஒருவர் சூப்புக் கரண்டியைப் பாதிவழியில் பிடித்தபடியே தூங்கிப்போயிருப்பார். தன்னார்வலர் ஒருவர் கரண்டியை மெல்ல வாங்கி வைத்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு எழுப்பி, மறுபடியும் மழையில் அனுப்பிவைப்பார். இதைப் பாசம் என்பதா, கொடுமை என்பதா?

கிராஸ் ஃபெல் இந்தப் பாதையிலேயே உயரமான இடம், 893 மீட்டர். அதன் சரிவில் வீசும் காற்றுக்கு ஹெல்ம் என்று தனிப்பெயரே உண்டு. பிரிட்டனில் பெயர் வாங்கிய ஒரே காற்று அது. உச்சிக்கு அந்தப் பக்கம், சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கிரெக்ஸ் ஹட் என்ற கற்குடிசை. நடுராத்திரியில் உள்ளே நுழைந்தால் சுடச்சுட நூடுல்ஸ் கிடைக்கும். ஐந்து நட்சத்திர ஓட்டல் சாப்பாட்டை மறந்தவர்கள்கூட அந்த நூடுல்ஸை மறப்பதில்லை.

இவ்வளவு கேலி பேசினாலும் ஒரு பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காரத்தான் வேண்டும். ஜாஸ்மின் பாரிஸ், எடின்பரோவில் கால்நடை மருத்துவர். 2019-இல், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவந்து, தங்கல்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே ஓடினார். தூக்கம் சில மணி நேரம்தான்; கடைசியில் பாறையெல்லாம் மிருகங்களாகத் தெரிய ஆரம்பித்துவிட்டதாம். 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். ஆண்கள் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால்தான். பழைய சாதனையைவிடப் பன்னிரண்டு மணி நேரம் குறைவு. பெண்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று நம் தெருத் திண்ணையில் யாராவது ஆரம்பித்தால், இந்தக் கணக்கை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

அங்கே தைப்பூசமும் ஏறக்குறைய இதே பருவம் என்பதால் உங்கள் ஞாபகம் வருகிறது. பழனிக்கு நடக்கிற உங்களுக்குப் போய்ச்சேர்ந்தால் முருகன் இருக்கிறான். இவர்களுக்கு இருப்பது பார்டர் ஹோட்டல் என்ற மதுவிடுதியின் சுவர். அதைக் கையால் தொட்டால் ஓட்டம் முடிந்தது. பென்னைன் பாதையை முழுக்க நடந்து வருகிறவர்களுக்கு அதே விடுதியில் அரைக் குவளை பீர் தன் கணக்கில் என்று அறிவித்தவரும் அந்த வெயின்ரைட்தான். சேற்றில் மாட்டிய கோபத்தில், இந்தப் பாதையை யாரும் முழுசாக முடிக்க மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. கணக்கு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது.

ஜூன் மாதத்தில் இதே பாதையில் கோடை ஓட்டமும் உண்டு. இருட்டு குறைவு, அதற்கு ஈடாக மிட்ஜ் என்ற பொடிக்கொசு. சித்திக்கு வணக்கம் சொல்லவும். தம்பி இதில் சேர ஆசைப்பட்டால், முதலில் மொட்டைமாடியில் ஷவருக்கு அடியில் ஒரு ராத்திரி நிற்கச் சொல்லுங்கள். விசா விஷயம் பிறகு பேசலாம்.