பொருள்: திறந்த பாட்டில் – விளக்கம் கோருதல் – தொடர்பாக

அனுப்புநர்
குடும்பத் தலைவி (ஃபிரிட்ஜ் கதவு – கூடுதல் பொறுப்பு),
சென்னை.

பெறுநர்
பாட்டில்களின் பின்பக்கத்தில் பொடியெழுத்து எழுதும் உயரதிகாரி அவர்கள்,
ஜாம், மயோனைஸ், சாஸ், ஊறுகாய் வகையறா.

பார்வை: தங்கள் லேபிள், பின்பக்கம், கடைசி வரி (பூதக்கண்ணாடி உதவியுடன் படிக்கப்பட்டது).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பார்கோடுக்கும் கம்பெனி முகவரிக்கும் நடுவில், "திறந்தபின் ஃபிரிட்ஜில் வைத்து விரைவில் பயன்படுத்தவும்" என்று தாங்கள் பிறப்பித்த உத்தரவு கிடைக்கப்பெற்றோம். கட்டுப்பட ஆட்சேபணை இல்லை. ஆனால் எத்தனை நாளைக்குள் என்று தாங்கள் சொல்லவில்லை. விரைவில் திறக்கப்படும் என்று பலகை மாட்டிய மேம்பாலங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அந்தக் கணக்கில் போனால் ஒரு மயோனைஸ் பாட்டில் இரண்டு சட்டமன்றத் தேர்தல்களைப் பார்த்துவிடும்.

தங்கள் அலுவலகத்தில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது எங்கள் பணிவான அனுமானம். குடும்பத்துக்கேற்ற ஒரு கிலோ பாக்கெட், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் கூவுகிறது. சீக்கிரம் தின்று முடியுங்கள் என்று பின்பக்கம் எறும்பு எழுத்தில் முனகுகிறது. இரண்டு உத்தரவையும் நிறைவேற்ற வேண்டுமானால் நாங்கள் தெருவைக் கூட்டி அன்னதானம்தான் போடவேண்டும்.

காலாவதித் தேதியை மட்டும் தெளிவாக அச்சிட்டிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அது மூடிய பாட்டிலுக்கான தேதி. மூடியைத் திருகி 'டப்' என்று சத்தம் கேட்ட நொடியில் உள்ளே காற்று போகிறது, காற்றோடு பூஞ்சை வித்து போகிறது, பின்னாலேயே எங்கள் வீட்டுக் கரண்டியும் போகிறது. அடுத்த வருடம் மார்ச் என்று அச்சிட்ட தேதி அதற்குப் பிறகு வெறும் அலங்காரம். இது தங்களுக்குத் தெரியும். எங்களில் பாதிப்பேர் இன்னும் அந்த மார்ச்சை நம்பித்தான் ரொட்டியில் தடவிக்கொண்டிருக்கிறோம்.

சில பாட்டில்களில் "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்கிறீர்கள். சென்னையில், கத்திரி வெயிலில், அப்படி ஓர் இடத்தைத் தேடினோம். உலர்ந்த இடம் மொட்டை மாடி, அது குளிரவில்லை. குளிர்ந்த இடம் ஃபிரிட்ஜ்; அது உலரவில்லை. இரண்டும் பொருந்திய ஒரே இடம் தெருமுனை ஏ.டி.எம். அறை. காவலர் ஜாம் பாட்டிலை உள்ளே விட மறுத்துவிட்டார்.

அடுத்தது ஃபிரிட்ஜ் கதவு. திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று முதலில் படுவது அங்கேதான். பெட்டிக்குள் அதிகம் சூடேறும் இடமும் அதுதான். பாட்டில் வைக்கத் தட்டு கட்டியிருப்பதும் அங்கேதான்! தக்காளி சாஸ் புளிப்பும் சர்க்கரையும் உள்ள ஆசாமி, கதவில் சமாளித்துக்கொள்வார். மயோனைஸ் உள்தட்டுக்குப் போகவேண்டும். 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கல்யாண வீடு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது உணவுப் பாதுகாப்புக்காரர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் ஊரில் 32 என்பது மாசிப் பகல்.

மயோனைஸ் பற்றி அரசே கவலைப்பட்டிருக்கிறது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. காரணம் சால்மோனெல்லா போன்ற கிருமிகள். தங்கள் பாட்டிலில் இருப்பது கடைக்காரர் மிக்ஸியில் அடித்தது அல்ல, வினிகர் புளிப்பு காவலிருக்கும் சரக்கு என்பதை அறிவோம். அந்தக் காவலைப் பற்றி லேபிளில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ஒவ்வொரு பாட்டிலுக்கும் காவல் வேறு. வழக்கமான ஜாமில் கரைந்திருப்பது சுமார் 65 சதவீதம், பெரும்பாலும் சர்க்கரை. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குக் குடிக்கச் சொட்டு கிடைக்காது. அதனால்தான் 'சர்க்கரை குறைவு' என்று பெருமையாக வரும் ஜாம் சீக்கிரம் பூஞ்சை பூத்துவிடுகிறது. வேர்க்கடலை வெண்ணெயில் தண்ணீரே கிடையாது என்று சொல்லலாம். அது கெடுவது காற்றால், எண்ணெய் சிக்குவாடை அடித்து. ஊறுகாய்க்கு எண்ணெய்தான் காவல் என்று ஊரே நம்புகிறது. உண்மையில் உப்பும் புளிப்பும் உள்ளே நின்று வேலை பார்க்கின்றன. எண்ணெய் வாசலில் நின்று காற்றைத் தடுக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் வெறும் பூண்டை எண்ணெயில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தால், காற்றில்லாத, புளிப்பில்லாத அந்த இடம் பொட்டுலினம் கிருமிக்குத் தோதாகிவிடும். அதன் நஞ்சு ஆளையே கொல்லக்கூடியது. இதையெல்லாம் எழுத லேபிளில் இடமில்லை. சிரிக்கும் ஸ்ட்ராபெரிக்கு மட்டும் இடமிருக்கிறது.

எங்கள் ஜாம் பாட்டிலின் கழுத்தை ஒருமுறை தாங்கள் நேரில் வந்து ஆய்வு செய்யலாம். திருகு வரிகளில் ரொட்டித் தூள். உள்சுவரில் மஞ்சளாக ஓர் இழுப்பு. என் கணவர் வெண்ணெய் தடவிய கத்தியை அப்படியே உள்ளே விட்டதன் சாட்சியம். அந்த இழுப்பு முடியும் இடத்தில் கடுகளவு பச்சை வட்டம், ஓரத்தில் வெள்ளை ரோமம். "அதை மட்டும் வழித்துப் போட்டுட்டுச் சாப்பிடலாம்" என்பது அவர் தீர்ப்பு. கண்ணுக்குத் தெரியும் வட்டத்துக்குக் கீழேயும் பூஞ்சை இழை ஓடியிருக்கும், நஞ்சும் இறங்கியிருக்கலாம், பாட்டிலோடு தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பதைத் தாங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் சிக்கனமில்லாதவள் என்பார்.

மூக்கை நம்பலாமே என்று தாங்கள் கருதக்கூடும். தேங்காய்ச் சட்னிக்கு அது சரி. காலையில் அரைத்தது மதியத்துக்குள் நுரைத்து, புளித்து, லேபிளே இல்லாமல் தானாக ராஜினாமா செய்துவிடும். ஆனால் கெடுக்கும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு. சால்மோனெல்லா நாறாது. லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும்; அதற்கும் வாடை கிடையாது. ஆகவே மூக்குக்கு முழு அதிகாரம் கொடுப்பதற்கில்லை.

லேபிள் எழுதுவது எப்படி என்பதற்கு என் மாமியாரைப் பரிந்துரைக்கிறேன். ஊறுகாய் ஜாடிக்கு அவர்தான் தனி அதிகாரி. ஈரக்கை கூடாது, எடுத்தபின் உள்விளிம்பைத் துணியால் துடைக்கவேண்டும், மாங்காய்த் துண்டு எண்ணெய்க்கு மேலே தலை நீட்டக்கூடாது. இவ்வளவு விதிகளையும் அவர் ஒரே வரியில் வெளியிடுகிறார்: "ஈரக் கரண்டியைப் போட்டே, தொலைச்சுடுவேன்." எழுத்து சிறியது என்ற புகாருக்கே இடமில்லை, மூன்று அறை தாண்டிக் கேட்கும்.

எனவே, கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்:

1. திறந்தபின் எத்தனை நாள் என்பதை எண்ணில், தமிழில், முன்பக்க ஸ்ட்ராபெரிக்குக் கீழே அச்சிடவும்.
2. மூடியில் "திறந்த தேதி" என்று எழுதி, பக்கத்தில் வெற்றிடம் விடவும். பேனா எங்களுடையது.
3. உலர்ந்த, சுத்தமான கரண்டி மட்டுமே என்பதை மூடியைச் சுற்றி வட்டமாக எழுதவும். திருகும்போது கட்டாயம் படித்தாக வேண்டும்.
4. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒருநாள் ஒரே மேசையில் உட்காரவைக்கவும். தேநீர்ச் செலவை நாங்கள் ஏற்கிறோம். பிஸ்கட்டுக்கு ஜாம் மட்டும் கேட்கக்கூடாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடும்பத் தலைவி

நகல்:
1. ஃபிரிட்ஜ் தயாரிப்பாளர்கள் – கதவுத் தட்டு குறித்து விளக்கம் கோரி.
2. மாமியார் – தகவலுக்காக (ஏற்கெனவே தெரியும்).
3. கணவர் – கத்தி தொடர்பாக, உடனடி நடவடிக்கைக்கு.