மூணு வருசக் கணக்கு

வா மாப்ள, திண்ணையில உக்காரு. யோசனை கேக்க வந்திருக்கேன்னு மூஞ்சியே சொல்லுது. முடிவெல்லாம் நீ எடுத்தாச்சு. "மாமாவும் சரின்னுட்டாரு"ன்னு வீட்டுல சொல்றதுக்கு ஒரு பேரு வேணும், அம்புட்டுத்தானே?

மக பிளஸ் டூவுல நல்ல மார்க்கு. அவளை நூல் மில்லு வேலைக்கு அனுப்பச் சொல்லி புரோக்கரு வந்து பேசிட்டுப் போயிட்டான். போன வருசம் கணக்குல கோட்டை விட்டு இப்பத்தான் தேறின மூத்தவனுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கு. பணத்துக்கு மேக்காட்டு நிலத்தை வெக்கணும். அருமை மாப்ள, அருமை! பையனுக்காக நிலத்தை அடமானம் வெக்கிற, பொண்ணுக்குச் செலவே வெக்காம பொண்ணையே அடமானம் வெச்சுப்புடுற. உன்னை மாதிரி கணக்குப் புலி வேடசந்தூர் தாலுகாவுலயே இல்ல. பையன் கணக்குல பெயிலானது எங்கேருந்து வந்துச்சுன்னுதான் புரியல.

சரி, மில்லு என்ன தாரேங்குது? மூணு வருசம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்தா, கடைசியில மொத்தமா ஒரு தொகை. முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ சொல்லித்தான் முன்னாடியெல்லாம் கூட்டிட்டுப் போவாங்க. சுமங்கலித் திட்டம்னு பேரு. தாலிக்குத் தங்கம் சேக்கிற திட்டமாம். நம்ம திண்டுக்கல்லுலேருந்து கோயமுத்தூர், திருப்பூர் வரைக்கும் அதுதானே ஓடுச்சு? பேப்பர்ல நாறினதும் பேரை மட்டும் மாத்திக்கிட்டாங்க. அந்த மொத்தத் தொகை யாரு காசு? மாசாமாசம் அவ கூலியில பிடிச்சு வெச்ச அவ காசுதான். நடுவுல காய்ச்சல்னு வீட்டுக்கு வந்து படுத்தா, அந்தத் தொகைக்கு யாரு ஜவாப்பு? புரோக்கரைக் கேட்டியா? கேட்டிருக்க மாட்டே. வந்த மனுசனுக்குக் காபி குடுக்கிற அவசரம் உனக்கு.

இப்ப இந்தக் கிழவன் கணக்கையும் கேளு. டிகிரியும் மூணு வருசந்தான். அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச பொண்ணு மேல படிச்சா, 2022 செப்டம்பர்லேருந்து மாசம் ஆயிரம் ரூவா அவ பேங்குக் கணக்குல விழுது. புதுமைப் பெண் திட்டம். முப்பத்தாறு மாசத்துக்கு எம்புட்டு? விரலை மடக்காதே, நானே சொல்றேன், முப்பத்தாறாயிரம். பெஞ்சுல உக்காந்து பாடம் கேக்கிறதுக்கு! நைட் ஷிப்ட் கிடையாது, மூக்குல பஞ்சு ஏறாது. வேடசந்தூர்லயே அரசு கலைக் கல்லூரி இருக்கு. டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு 2021லேருந்து டிக்கெட்டே இல்ல. திண்டுக்கல்லுதான் வேணும்னா எம்.வி.எம். மகளிர் கல்லூரி 1966லேருந்து நிக்குது. ஆனா ஒண்ணு, மில்லு வேன் வாசல்ல வந்து நிக்குது, கல்லூரிக்கு நாமதான் நடந்து போயி பஸ் ஏறணும். அதுதானே உனக்கு இடிக்குது?

பொம்பளைப் புள்ள படிச்சு என்ன ஆகப்போகுதுங்கிறியா? காந்திகிராமத்தைத் தாண்டி மதுரைக்கு எத்தனை தடவை போயிருப்பே? "அது என்னமோ காந்திக்காரங்க இடம்"னு சொல்லிட்டுத் தூங்கிருப்பே. 1947ல அதை ஆரம்பிச்ச சௌந்தரம் அம்மா யாரு தெரியுமா? டி.வி.எஸ். அய்யங்கார் மக. பஸ் கம்பெனி வீட்டுப் பொண்ணு, சின்ன வயசுலயே புருசனை இழந்தாங்க. அதுக்கப்புறந்தான் டில்லிக்குப் போயி டாக்டருக்குப் படிச்சாங்க. சின்னாளபட்டிப் பக்கம் வந்து வைத்தியம் பாத்து, புருசன் ராமச்சந்திரனோட சேந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு கட்டினாங்க. ஆமா, மறுகல்யாணந்தான், 1940ல! ஊர் என்ன பேசியிருக்கும்னு நீயே யோசிச்சுக்க. 1956ல அங்க கிராமியக் கல்வி நிலையம் வந்துச்சு, 1976ல அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. 1957ல இதே வேடசந்தூர்ல நின்னு எம்.எல்.ஏ. ஆனதும் அந்தம்மாதான். உங்கப்பன் ஓட்டுப் போட்டானோ என்னமோ. அவங்க படிச்சு இதெல்லாம் கட்டிவெச்ச ஊர்ல நீ சுமங்கலித் திட்டத்துக்குப் பொண்ணை அனுப்பப் போற. நடத்து.

பையன் சங்கதிக்கு வாரேன். அவன் போன வாரம் என் மோட்டாரைப் பிரிச்சு மாட்டினான், பாத்தியா? ஒரு திருகு மிச்சம் வந்துச்சு, ஆனா மோட்டாரு ஓடுது. அவனை நாலு வருசம் கண்ணாடிக் கட்டடத்துல உக்கார வெக்கணும்ங்கிற. அரசு ஐ.டி.ஐ.யில பீஸ் இல்ல, மாசம் 750 ரூவா உதவித்தொகை வேற. அதை முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருசம். டிப்ளமோ வாங்கினா இன்ஜினியரிங்லயும் நேரா ரெண்டாவது வருசம். நிலத்தை வெக்காமலே அவன் அங்க போயிச் சேரலாம். புத்தகமே வேப்பங்காய்னா சமுதாயக் கல்லூரின்னு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல பழசு, நம்ம பக்கம் 1995ல புதுச்சேரியில தொடங்கி, அடுத்த வருசமே சென்னைக்கு வந்துச்சு. பாடம் பாதி, கைவேலை பாதி, படிப்பை நடுவுல விட்டவனையும் சேத்துக்குவாங்க. ஆனா அதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில பி.இ.ன்னு போட உதவாதே! நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, ஊரே பெருமைப்பட்டுச்சு. பூட்டு செய்யக் கத்துக்கத்தான் பசங்க வரல. எல்லாப் பயலும் இன்ஜினியராம்.

எந்திரிக்காதே, இரு. மக டி.சி.யை புரோக்கர்கிட்ட நீட்டிடாதே, டிரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டு. நாளைக்கு அவன் வருவான்ல? நல்லாக் காபி குடு. குடுத்துட்டு, "அண்ணே, எம் பையன் சும்மாத்தான் கெடக்கான், மூணு வருசம் அவனையும் ஹாஸ்டல்ல வெச்சுக்கங்க, கூலியைக் கடைசியில மொத்தமாக் குடுங்க"ன்னு கேளு. அவன் என்ன சொல்றான்னு வந்து எங்கிட்டச் சொல்லு.